பெடல் பஞ்சு போல் அமுங்குகிறதா? பிரேக் கேள்வி பதில்

பிரேக் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பெடல் தளர்ந்தால் உடனே ‘ஏர் எடுத்துவிடலாம்’, அதாவது பிரேக் ஆயில் குழாய்களுக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றிவிடலாம் என்ற எண்ணம் பல கேள்விகளில் தெரிகிறது. அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம்.

கேள்வி: முன் சக்கரங்களுக்குப் புது பேட் போட்ட நாளிலிருந்து பெடல் பாதி தூரம் போன பிறகுதான் பிரேக் பிடிக்கிறது. இரண்டு முறை ஏர் எடுத்தும் மாறவில்லை. இன்னும் காற்று இருக்குமா?

பதில்: பேட் என்பது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் தகடு. அதை மாற்றுவதற்கு ஆயில் லைனைக் கழற்ற வேண்டியதில்லை. நிப்பிளையோ (காற்றை வெளியேற்றத் திறக்கும் சிறு திருகு) ஹோஸையோ யாரும் திறக்காமல் காற்று எந்த வழியாக உள்ளே போயிருக்கும்? மூன்றாம் முறை ஏர் எடுக்கக் கிளம்புமுன் பெடலைச் சோதித்துப் பாருங்கள்.

இன்ஜினை அணைத்துவிட்டு, பெடலை நாலைந்து முறை மிதித்து பூஸ்டரில் (வாக்யூமால் மிதிக்கு உதவும் பாகம்) மிச்சமிருக்கும் வாக்யூமைத் தீர்த்துவிடுங்கள். அதன் பிறகு காலில் தெரிவதுதான் உண்மையான பெடல். அது மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

மிதித்ததும் பஞ்சில் கால் வைத்தது போல் அமுங்கி, காலைத் தளர்த்தினால் ஸ்பிரிங் போல் எதிர்த்துத் தள்ளினால், ஏதோ ஒன்று சுருங்குகிறது அல்லது விரிகிறது. காற்றாக இருக்கலாம், பழைய ரப்பர் ஹோஸ் உப்பலாம், சரியாக உட்காராத பேட் வளையலாம். முதல் மிதிக்குத் தாழப் போய், உடனே மறுபடி மிதித்தால் உயரத்தில் கல் போல் நின்றால், அது இடைவெளிக் கோளாறு. பின் டிரம்மில் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் வளைந்த கட்டை) தளர்ந்திருக்கும், அல்லது டிஸ்க் ஆடி பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளிவிட்டிருக்கும். (காற்று இருந்தாலும் அடுத்தடுத்து மிதிக்கும்போது பெடல் ஏறும். ஆனால் மேலே வந்த பிறகும் மெத்தென்றே இருக்கும். வித்தியாசம் காலுக்குத் தெரியும்.) மூன்றாவது, ஒரே அழுத்தத்தில் கால் வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டே இருப்பது. அது கசிவு, வெளியிலோ மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயோ (பெடல் தள்ளும் பிஸ்டன் இருக்கும் உருளை).

பேட் மாற்றியதோடு தொடங்கிய கோளாறு என்பதால், முதலில் காலிப்பரை (பேட்டைப் பிடித்து அழுத்தும் பாகம்) திறந்து பாருங்கள். அது நகர்ந்து ஓடும் ஸ்லைடர் பின் இரண்டும் விரலால் தள்ளினாலே வழுக்கி ஓட வேண்டும். ஒன்று இறுகியிருந்தால் காலிப்பர் கோணலாகப் பிடித்து, பேட்டை வளைத்தபடியே அழுத்தும். அந்த வளைவுதான் பெடலில் பஞ்சாகத் தெரியும். பேட்டின் காது உட்காரும் பள்ளத்தில் துரு ஏறியிருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். சத்தம் வராமலிருக்கப் பேட்டின் பின்னால் வைக்கும் பழைய தகடு அப்படியே இருக்க, அதன்மேல் புதுத் தகட்டையும் வைத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பழைய டிஸ்க்கில் வரம்பு விழுந்திருந்தால் புது பேட் அதன் விளிம்பில் மட்டும்தான் தொடும்.

இவை எல்லாம் சரி, நின்ற இடத்தில் பெடலும் கெட்டியாகவே நிற்கிறது என்றால், பேட் டிஸ்க்கோடு இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, அரை நிமிடம் ஓடவிட்டு ஆறவைத்து, மறுபடி குறையுங்கள். பத்துப் பதினைந்து முறை இப்படிச் செய்த பிறகு பெடல் உயரும்.

கேள்வி: ஒரு துளிக் காற்றுக்கு இவ்வளவு பாதிப்பு ஏன்?

பதில்: கணக்கு எளிது. மாஸ்டர் சிலிண்டரின் குறுக்களவு 20.6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிறிய கார்களில் காணும் அளவு இது. அதன் பரப்பு சுமார் 3.3 சதுர சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டர் காற்று நசுங்கித் தீர, பிஸ்டன் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வீணாக நகர வேண்டும். பெடலின் நெம்புகோல் விகிதம் நாலுக்கு ஒன்று என்றால், உங்கள் கால் 12 மில்லிமீட்டர் வீணாக இறங்கும். ஒரு கன சென்டிமீட்டர் என்பது இருபது சொட்டுத் தண்ணீரின் அளவுதான். நாலு சக்கரத்திலும் கொஞ்சம் கொஞ்சம் காற்று தங்கினால், பெடல் தரையைத் தொடுவதில் வியப்பில்லை.

கேள்வி: வீட்டிலேயே இரண்டு பேர் சேர்ந்து ஏர் எடுப்பது எப்படி? என்னென்ன வேண்டும்?

பதில்: சீல் உடைக்காத பிரேக் ஆயில் 1 லிட்டர், நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர் (பெரும்பாலும் 8, 10 அல்லது 11 மில்லிமீட்டர்), நிப்பிள் முனையில் இறுக்கமாக ஏறும் ஒளிபுகும் குழாய், ஒரு பாட்டில், நிறையத் துணி. காரைச் சமதரையில் நிறுத்தி, ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் கை விடாதீர்கள். இன்ஜின் அணைந்தே இருக்கட்டும்.

மாஸ்டர் சிலிண்டரின் மேல் உள்ள பிரேக் ஆயில் டேங்கின் மூடியைச் சுற்றித் துடைத்துவிட்டுத் திறங்கள். மேலே நிற்கும் பழைய கறுத்த ஆயிலைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து, புதியதை மேல் கோடு வரை ஊற்றுங்கள். பழையதை அப்படியே விட்டால் அவ்வளவு அழுக்கும் நாலு குழாய்களிலும் பயணம் செய்துதான் வெளியே வரும்.

வழக்கமான வரிசை, மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்தில் தொடங்கி மிக அருகில் உள்ளதில் முடிப்பது. ஆனால் சில கார்களில் குறுக்கு மறுக்காக, இடப்பின் சக்கரமும் வலமுன் சக்கரமும் ஒரு லைனில் இருக்கும். அங்கே வரிசை மாறலாம். கார் கையேட்டில் ஒரு வரிசை தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

குழாயின் மறுமுனை பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் முழுகியிருக்க வேண்டும். குழாயை நிப்பிளிலிருந்து முதலில் மேல்நோக்கி வளைத்து, அதன் பிறகு கீழே பாட்டிலுக்கு இறக்குங்கள். குமிழ் மேலே ஏறி நிற்கும், நிப்பிள் வாயில் எப்போதும் ஆயில்தான் இருக்கும்.

இனி உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக மிதித்து ‘மிதிச்சாச்சு’ என்று சொல்லி அப்படியே வைத்திருக்க வேண்டும். வெளியே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்றிலிருந்து அரைச் சுற்றுக்குள் திறப்பார். பெடல் இறங்கும், ஆயிலும் குமிழும் குழாயில் ஓடும். ஓட்டம் நிற்குமுன் நிப்பிளை மூடிவிட்டு ‘விடு’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் கால் மேலே வரக் கூடாது. திறந்த நிப்பிளோடு பெடல் எழும்பினால், வெளியேற்றிய காற்றையே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஏர் எடுத்தும் பலன் இல்லை என்பவர்களில் பலர் தவறுவது இந்த ஓர் இடத்தில்தான்.

பெடலை வேகமாகப் பம்ப் செய்யச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். பெரிய குமிழ் உடைந்து பால் நுரை போல் ஆயிலில் கலந்துவிடும். அது மறுபடி சேர்ந்து மேலே வர நேரமாகும்.

இன்னொன்று மிக முக்கியம். வயதான காரில் பெடலைத் தரைவரை அழுத்தாதீர்கள். மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் அன்றாடம் ஓடும் தூரம் மட்டும்தான் பளபளப்பாக இருக்கும். அதற்கு அப்பால் அழுக்கும் துருப்புள்ளியும் படிந்திருக்கும். ரப்பர் சீல் அந்தச் சொரசொரப்பில் உரசினால் உதடு கிழிந்து, நல்ல சிலிண்டர் அன்றே கெட்டுப்போகும். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் கால் அந்த எல்லையைத் தாண்டாது.

ஐந்தாறு மிதிக்கு ஒரு முறை டேங்கைப் பாருங்கள். ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே போய்க் காற்றை இழுத்துவிட்டால் முழு வேலையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். தூரமான சக்கரத்துக்கு 200 முதல் 250 மில்லி, அருகில் உள்ளதற்கு 100 முதல் 150 மில்லி தோராயமாகச் செலவாகும். நிறம் புது ஆயிலின் நிறத்துக்கு மாறி, அடுத்தடுத்து ஐந்து மிதியில் ஒரு குமிழும் வராவிட்டால் அந்தச் சக்கரம் முடிந்தது. நிப்பிளை 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்குங்கள். கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. ரப்பர் மூடியைப் போட மறக்காதீர்கள். மூடி இல்லாத நிப்பிளின் ஓட்டைக்குள் தண்ணீர் தேங்கித்தான் அடுத்த முறை அது திறக்காமல் அடம்பிடிக்கிறது.

ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும். சிந்தினால் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். காரை நகர்த்துமுன் இன்ஜினைப் போட்டு, பெடல் கெட்டியாகவும் உயரமாகவும் நிற்கிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்துவிடுங்கள். கெட்டிப்படாத பெடலோடு ‘கொஞ்சம் ஓட்டினால் சரியாகிவிடும்’ என்று கிளம்பவே கூடாது.

கேள்வி: உதவிக்கு ஆள் இல்லை. கையால் இழுக்கும் வாக்யூம் பம்ப் வாங்கினேன். எவ்வளவு இழுத்தாலும் குழாயில் குமிழ் நிற்கவில்லை.

பதில்: அவற்றில் பெரும்பாலானவை பிரேக்கிலிருந்து வரும் குமிழ் அல்ல. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாக வெளிக்காற்று நுழைந்து குழாய்க்கு வந்துவிடுகிறது. குமிழ்களை உற்றுப் பாருங்கள். ஒரே அளவில், சரம் கோத்தது போல் இடைவிடாமல் வந்தால் அது மரைக் காற்று. சற்று நின்று, பெரிதும் சிறிதுமாகத் திடீரென வந்தால் அது உள்ளிருந்து வரும் காற்று. நிப்பிளைக் கழற்றி, மரையின் மேல்பகுதியில் மட்டும் பிரேக்குக்கு உகந்த ரப்பர் கிரீஸ் தடவிப் பூட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். முனையில் உள்ள துளை அடைபடக் கூடாது.

தனியாகச் செய்ய இதைவிட நல்ல வழி, டேங்க் வாயில் மாட்டி மேலிருந்து அழுத்தம் கொடுக்கும் பிரஷர் பாட்டில். 1 பார் அழுத்தம் போதும். அதிகம் கொடுத்தால் பிளாஸ்டிக் டேங்கின் இணைப்பு கசியும். கருவியே இல்லை என்றால் நிப்பிளைத் திறந்து ஆயிலைத் தானாகச் சொட்ட விடலாம். ஒரு சக்கரத்துக்குப் பத்து நிமிடம் ஆகும், ஆனால் நுரை எழும்பாது. பொறுமை உள்ளவர்களுக்கு அது நல்ல முறை.

கேள்வி: இரண்டு முன் காலிப்பரையும் புதிதாக மாற்றினோம். ஒரு லிட்டர் ஆயில் தீர்ந்தும் பெடல் தரைக்குப் போகிறது.

பதில்: நிப்பிள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அது காலிப்பரின் உச்சியில் இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் பூட்டினால், பல கார்களில் போல்ட் எல்லாம் சரியாகவே பொருந்தும், நிப்பிள் மட்டும் கீழே போய்விடும். ஆயில் கீழே வழிய, காற்று மேலே பத்திரமாக உட்கார்ந்திருக்கும். பத்து லிட்டர் ஊற்றினாலும் அது வராது. இடம் மாற்றிப் பூட்டி, ஹோஸ் போல்ட்டின் இருபுறமும் புதுச் செம்பு வாஷர் போட்டு மறுபடி ஏர் எடுங்கள்.

நிப்பிள் மேலேதான் இருக்கிறது என்றால், பின் டிரம் ஷூக்களைப் பாருங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் நட்சத்திரச் சக்கரம் துருப்பிடித்து நின்றிருந்தால், ஷூவைத் தள்ளவே பெடலின் பெரும்பகுதி செலவாகும். டிரம் கையால் சுற்றும்போது லேசாக உரசும் அளவுக்கு அதைத் திருகி வையுங்கள்.

கேள்வி: சிக்னலில் நிற்கும்போது பெடல் மெல்ல இறங்குகிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை.

பதில்: இன்ஜின் ஓடும்போது பலமாக அழுத்திப் பிடித்தால் நல்ல காரிலும் பெடல் சற்று இறங்கும். பூஸ்டர் உதவுவதால் அப்படி. எனவே இன்ஜினை அணைத்து, வாக்யூமைத் தீர்த்துவிட்டு, முதலில் இலேசாகவும் பிறகு பலமாகவும் அரை நிமிடம் அழுத்திப் பாருங்கள். இரண்டு அழுத்தமும் தேவை. தேய்ந்த சீல் பலமான அழுத்தத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டு தாங்கிவிடும். இலேசாக மிதிக்கும்போதுதான் அதன் உதட்டைத் தாண்டி ஆயில் நழுவும். இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரை மாற்ற வேண்டியதுதான். புதியதைக் காரில் பூட்டுமுன் மேசைப் பிடியில் மட்டமாக வைத்து, அதன் துளைகளிலிருந்து குழாயை டேங்குக்கே திருப்பி விட்டு, குமிழ் நிற்கும்வரை பிஸ்டனைத் தள்ளுங்கள். இதைச் செய்யாமல் பூட்டினால் காற்றை வெளியேற்றுவது பெரும்பாடு.

டேங்கில் ஆயில் குறைந்துகொண்டே வந்தால், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடத்தின் அடியில் விரலை விட்டுத் தடவுங்கள். அங்கே ஈரமும் உரிந்த பெயின்ட்டும் இருந்தால், பின் சீல் போய் ஆயில் பூஸ்டருக்குள் இறங்குகிறது. அதனால்தான் தரையில் சொட்டு விழுவதில்லை. பின் டிரம்மில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்று விலக்கியும் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கி நின்றால் அதுவும் மாற்ற வேண்டியது.

கேள்வி: இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் பெடல் ஒரு அங்குலம் கீழே போகிறது. கோளாறா?

பதில்: இல்லை. பூஸ்டருக்கு வாக்யூம் கிடைத்ததற்கு அடையாளம் அது. கீழே போகாமல் கல்லாக நின்றால்தான் பூஸ்டரையும் அதன் குழாயையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: மலையிலிருந்து இறங்கும்போது பெடல் திடீரெனத் தரைக்குப் போனது. அரை மணி நேரம் நிறுத்திவைத்த பிறகு பழையபடி ஆகிவிட்டது. இனி ஓட்டலாமா?

பதில்: ஆயிலை மாற்றும்வரை ஓட்டாதீர்கள். உங்கள் ஆயில் காலிப்பருக்குள் கொதித்திருக்கிறது. கொதித்தால் ஆவி, ஆவி என்றால் சுருங்கும் வாயு, அதனால் பெடலுக்கு எதிர்ப்பு இல்லை. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிப் பெடல் திரும்பிவிடும், ஒன்றுமே நடக்காதது போல் தோன்றும். அடுத்த இறக்கத்தில் இதே நடக்கும்.

கிளைக்கால் வகை பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் இயல்புடையது. அமெரிக்க வாகனப் பாதுகாப்புத் தரம் 116 சொல்லும் குறைந்தபட்சக் கொதிநிலை இது: புது ஆயிலுக்கு டாட் 3 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) என்றால் 205 டிகிரி செல்சியஸ், டாட் 4 என்றால் 230, டாட் 5.1 என்றால் 260. ஈரம் ஏறிய ஆயிலுக்கு முறையே 140, 155, 180. அந்த ஈரத்தின் அளவு சுமார் 3.7 சதவீதம்தான். அவ்வளவு கொஞ்சம் தண்ணீர் டாட் 4 ஆயிலிலிருந்து 75 டிகிரியைப் பறித்துக்கொள்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுவது இதற்காகத்தான். புது ஆயிலோடும் இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடிக்க விடுங்கள். நாலு சக்கரத்தில் ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அந்தக் காலிப்பர் விடாமல் உரசுகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: டாட் 5 பெரிய எண் என்பதால் டாட் 4-க்குப் பதில் ஊற்றலாமா?

பதில்: கூடாது. டாட் 5 சிலிக்கோன் வகை, மற்றவையோடு கலக்காது. டாட் 3, 4, 5.1 மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. ஆனால் மூடியில் அச்சிட்ட தரத்துக்குக் கீழே இறங்காதீர்கள். பாதி தீர்ந்து அலமாரியில் மாதக்கணக்கில் இருந்த பாட்டிலையும் ஊற்றாதீர்கள்.

கேள்வி: நிப்பிள் திறக்கவில்லை. தலை வழுவழுப்பாகத் தொடங்கிவிட்டது.

பதில்: அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் ஒரு முறை திருகினால் ஒடிந்து காலிப்பரோடு போய்விடும். துருவை இளக்கும் எண்ணெயை நிப்பிளைச் சுற்றி விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் ஆறு முனை சாக்கெட்டை ஏற்றி, அதன் தலையில் சிறு சுத்தியலால் நாலு தட்டுத் தட்டுங்கள். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு, பிறகு திறக்கும் பக்கம். மரையின் பிடி உடையும்போது மெல்லிய ‘டிக்’ சத்தம் கேட்கும். வெளியே எடுத்த பழையதை மறுபடி போடாதீர்கள், புது நிப்பிள் போடுங்கள்.

கேள்வி: ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள காரில் இதே முறை போதுமா?

பதில்: டேங்க் வற்றாமல் ஆயில் மட்டும் மாற்றினால் பெரும்பாலான கார்களில் போதும். டேங்க் காலியாகி, ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று போயிருந்தால் போதாது. அதன் வால்வுகளில் சில சாதாரணமாக மூடியே இருப்பதால், ஸ்கேனர் மாட்டி பம்ப்பையும் வால்வுகளையும் இயக்கி ஏர் எடுக்க வேண்டும். சில ஹைப்ரிட் கார்களில் கதவைத் திறந்தாலே பிரேக் பம்ப் இயங்கத் தொடங்கும். அவற்றில் கையேடு சொல்லும் முறையில் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் பேட்டைக்கூடத் தொடாதீர்கள்.

கேள்வி: பிரேக் டேங்கில் தெரியாமல் பவர் ஸ்டீயரிங் ஆயிலை ஊற்றிவிட்டோம். உறிஞ்சி எடுத்துவிட்டால் போதுமா?

பதில்: இன்ஜினைப் போடாதீர்கள், பெடலை மிதிக்காதீர்கள். கனிம எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் உப்பிவிடும். டேங்க் மூடிக்குள் இருக்கும் ரப்பரைப் பாருங்கள். அது ஊதிப் பெருத்து, மடிப்பில் பழையபடி உட்காராவிட்டால் எண்ணெய் வேலையைத் தொடங்கிவிட்டது. ஊற்றியவுடனே கவனித்து, பெடலை ஒரு முறைகூட மிதிக்காமல் இருந்திருந்தால், டேங்கைக் கழற்றிக் கழுவி, அதன் அடியில் உள்ள ரப்பர் வளையங்களை மாற்றினால் தப்பிக்க வாய்ப்புண்டு. மிதித்து ஓட்டியிருந்தால் மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் சீல்கள், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் அத்தனையும் மாற்ற வேண்டும். ஏபிஎஸ் பெட்டியும் அந்தப் பட்டியலில் சேரும். உலோகக் குழாய்களை மட்டும் கழுவிப் பயன்படுத்தலாம். பெரிய செலவுதான். ஆனால் உப்பிய சீல் பிரேக்கைப் பிடித்தபடியே நிற்கவும் செய்யும், பிடிக்காமல் போகவும் செய்யும். எது எப்போது என்று முன்கூட்டித் தெரியாது.